இல்லாத சித்தியின் வீடு

ஓசூர்
18 ஜனவரி 2025

அம்மா,

பொங்கலிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. அந்தத் தீவில் டவர் கிடைப்பதே அரிது, கிடைத்த நேரத்திலெல்லாம் நீ கூப்பிட்டிருக்கிறாய் என்று தெரியும். எடுத்தால் கத்திவிடுவேன். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு ரேவதியோடு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கெலவரப்பள்ளியில் எல்லோரும் இருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ரேவதியின் தம்பி ஜெகதீஷ் டிவியில் யூடியூபைப் போட்டான். "அக்கா, மாமாவோட அம்மா இருக்கற தீவு எப்பிடி இருக்குன்னு பாக்கலாமா?" என்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. மோகன்குமார் என்று ஒருவன், கேமராவைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவைச் சுற்றி நடக்கிறான். படகுத்துறை, பாக்குத் தோப்பு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். மாமியார்கூட "எவ்ளோ சுத்தமா இருக்குது" என்றார்.

அவன் ஒரு சந்தில் திரும்பினான். அங்கே நீ நின்றிருந்தாய்.

பச்சைப் புடவை, முந்தானையை இடுப்பில் செருகி, கையில் கரண்டி. "வாங்க தம்பி, எங்க ஏரியாவ நான் சுத்திக் காட்டறேன்" என்று அவனுக்கு முன்னால் நடந்தாய். டிவி முழுக்க நீதான். மெஸ் வாசலில் நின்று, "இங்கதான் சமைக்கறேன். முன்னாடி ஓசூர்ல ஒரு கம்பெனி கேண்டீன்ல இருந்தேன். என் பையன் நவீன்குமார் அதே கம்பெனியில இன்ஜினியர். தங்கமான புள்ள. அவன்தான் டிக்கெட் போட்டு, போயி நாலு இடம் பாத்துட்டு வாம்மான்னு அனுப்பி வச்சான்" என்று சிரித்தாய்.

ஜெகதீஷ் படத்தை நிறுத்தினான். மாமனார்தான் கேட்டார். "என்னாங்க மாப்பிள்ளை, அம்மா அவங்க தங்கச்சி ஊட்ல இருக்காங்கன்னுதானே சொன்னீங்க?"

ஆமாம், அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று. ரேவதியிடமும் அதேதான். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? கல்யாணம் பேசும்போது அம்மா கம்பெனியில் வேலை பார்த்தார் என்றேன். அவர்கள் ஆபீஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ரேவதி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் கூடத்தில் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவன் கேமராவை நீட்டினால் வாயைத் திறந்துவிடுவதா? கம்பெனி, பேர், ஊர் எல்லாம் சொல்ல வேண்டுமா?

நவீன்


தீவு
31 ஜனவரி 2025

நவீனு,

உன் கடிதம் நேற்றைய படகில் வந்தது. உன் எழுத்தை உறைமேல் பார்த்ததும் ஏதோ நல்ல சேதி, ரேவதி உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்து பிரித்தேன்.

எனக்கு ஏதுடா தங்கச்சி? எங்கள் வீட்டுக்கு நான் ஒரே பெண். உன் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவளுக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய்? அதையாவது எழுது. ரேவதி என்னிடம் கேட்டால் நான் வேறு பேர் சொல்லித் தொலைக்கப்போகிறேன்.

நீ கேட்டாய், ஏன் வாயைத் திறந்தாய் என்று. சொல்கிறேன்.

அந்த மோகன்குமார் காலையில் டீ குடிக்க வந்தார். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும், யாராவது கூட வந்தால் தேவலை என்றார். மெஸ் நடத்தும் மாடசாமி அண்ணனுக்கு மீன் வாங்கப் போகிற வேலை. "ருக்மணிக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தேன். எந்தத் தெருவையாவது ஒருத்தருக்கு நான் சுற்றிக் காட்டியிருக்கிறேனா? கம்பெனி பஸ், கேண்டீன், வீடு. நீ தீபாவளிக்கு அனுப்பியதில் அந்தப் பச்சைப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டேன்.

முதலில் படகுத்துறைக்கு அழைத்துப்போனேன். அங்கே வெற்றிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வங்காளிப் பெண்கள் எனக்குக் கை காட்டினார்கள். அவர்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரியும், நான் பேசுவது அவர்களுக்கு அதுவும் புரியாது, ஆனாலும் அந்தத் துறையில் என்னைப் பார்த்தால் நிறுத்தி ஒரு வெற்றிலை கொடுக்காமல் விடமாட்டார்கள். பிறகு கடைத்தெரு. கடைத்தெரு என்றால் பெரிதாக நினைக்காதே, மளிகை, சைக்கிள் வாடகைக் கடை, ஒரு தையல்காரர், அவ்வளவுதான். அங்கிருந்து பாக்குத் தோப்புக்குள் ஒரு மண் பாதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், நானும்தான். அந்தப் பாதை முடிகிற இடத்தில் மீன்காரச் சந்து. அங்கே எல்லோரும் தெலுங்கு. ஓசூரில் கற்ற தெலுங்கை நான் பேசினால் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. நரசம்மா என்று ஒருத்தி, என் சிநேகிதி, மீன் கூடையைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள். சந்து தாண்டினால் கடல். தெரு முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வேலிகூடக் கிடையாது.

இவ்வளவும் காட்டிவிட்டு மெஸ் வாசலுக்கு வந்தபோது அவர் கேட்டார், "இந்த வயசுல இவ்ளோ தூரம் ஏம்மா வந்தீங்க?" என்று. அதற்கு என்ன பதில் சொல்வேன்? உன்னைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். நீ டிக்கெட் போடவில்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

பெருமையாகச் சொன்னது தப்பாகிவிட்டதா?

அம்மா


ஓசூர்
13 பிப்ரவரி 2025

அம்மா,

ஜோதிமணி. சித்தியின் பேர் ஜோதிமணி. சித்தப்பா துறைமுகத்தில் வேலை, சித்திக்கு முட்டிவலி. ரேவதி கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

தீபாவளிக்கு நான் அனுப்பிய இரண்டு புடவைகளும் ரேவதி எடுத்தவை. நீலம் உனக்கு. பச்சை ஜோதிமணி சித்திக்கு. அந்தப் பச்சைக்காக அவள் கடையில் எவ்வளவோ நேரம் நின்றாள். "பாக்காதவங்களுக்கு எடுக்கறது கஷ்டங்க, கலர் பொருந்தணுமே" என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று "சித்தி மாநிறம்" என்றேன். அன்று டிவியில் அந்தப் புடவையை உன்மேல் பார்த்ததும்தான் அவள் எழுந்து போனாள். சமையல் வேலை என்று கேட்டு அல்ல.

அவள் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள். "கேண்டீன்ல வேல செஞ்சாங்கன்னு சொல்லியிருந்தா எனக்கு என்னாங்க? இல்லாத ஒரு பொம்பளைக்கு முட்டிவலித் தைலம் வாங்கிக் குடுத்தேனே, அத வாங்கி வச்சுக்கினீங்களே" என்றாள். அந்தத் தைலத்தை நான் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன்.

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. யாரோ உன் பகுதியை மட்டும் வெட்டி ரீல்ஸாகப் போட்டிருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதை நான் உனக்கு எழுத முடியாது. பெற்றவளைக் கடல் தாண்டிச் சமைக்க அனுப்பிவிட்டு ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையானது. கம்பெனியில் நான் உள்ளே நுழைந்தால் மெஷின் லைனில் பேச்சு நின்றுவிடுகிறது. என் மேனேஜர் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் ஓகேயா நவீன்?" என்றார். பால் வாங்கக்கூட முன்தெரு வழியாக நான் போவதில்லை. நம் தெருவில் பிறந்து வளர்ந்தவன், சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கமாகப் போகிறேன்.

அந்த மோகன்குமாரிடம் சொல்லி வீடியோவை எடுக்கச் சொல். நீயும் கிளம்பி வந்துவிடு. நீ வந்து மாமனார் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் ரேவதி திரும்பி வந்துவிடுவாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நவீன்


தீவு
27 பிப்ரவரி 2025

நவீனு,

மாடசாமி அண்ணன் மகள் வினிதா இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளை உட்காரவைத்து, அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதையெல்லாம் படிக்கச் சொன்னேன். கொஞ்சம் படித்தாள். "போதும் அத்தே" என்றாள். "படி" என்றேன். படித்தாள். என் பிள்ளையை ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து வைகிறார்கள். அத்தனைக்கும் காரணம் நான். உன்னைத் தூக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டு தெருவில் போட்டுவிட்டேன். அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டுவிட்டேன். எல்லோரும் அதையே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மோகன்குமாரிடம் பேசினேன். எடுக்க மாட்டாராம். "அம்மா, நீங்க வேணும்னா இன்னொரு வீடியோல வந்து விளக்கம் குடுங்க, உங்க பையன் நல்லவர்னு சொல்லுங்க" என்றார். நான் முதலில் சரி என்றுவிட்டேன். தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று யோசிக்க யோசிக்க, சொல்லக்கூடியது ஒன்றும் உண்மை கிடையாது, உண்மையாக இருப்பது ஒன்றையும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கோபமாக எழுதவில்லை, அப்படிப் படிக்காதே.

பர்கூரில் படிப்பை முடித்துவிட்டு நீ எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வந்தபோது நான் கேண்டீன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். முதல் நாள் நீ தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தாய். என் முன்னால் வந்ததும் தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. உன்கூட இரண்டு பேர் நின்றார்கள். நான் மற்றவர்களுக்குப் போடுவது போலவே போட்டேன். மறுநாள் நீ பக்கத்து வரிசையில் நின்றாய், சுகுணாவிடம் வாங்கிக்கொண்டாய். அதற்கப்புறம் நீ கேண்டீனுக்கு வரவே இல்லை. கேட்டதற்கு, மதியம் பசிப்பதில்லை என்றாய். நீ கம்பெனி கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் நின்று சாப்பிடுவதைக் காய்கறி வண்டியிலிருந்து ஒரு நாள் பார்த்தேன். மழையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

பெற்றவள் சமைத்து வைத்திருக்கிற இடத்துக்குள் பிள்ளை வர முடியவில்லை என்றால், போக வேண்டியது யார்? மாடசாமி அண்ணனுக்கு ஆள் வேண்டும் என்று சுகுணா சொன்னாள், அவள் அண்ணன்தானே. நான் வருகிறேன் என்றேன். நீ உள்ளே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் வந்தேன். வந்த பிறகு இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது வேறு விஷயம்.

அதனால் நான் இப்போது வரமாட்டேன். உன் மாமனார் வீட்டில் வந்து நின்று நான் என்ன சொல்ல? நான்தான் ஜோதிமணி என்றா?

புடவை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அதை மடித்து வைத்துவிட்டேன். ரேவதியிடம் சொல், கலர் எனக்குப் பொருந்தியது.

அம்மா


ஓசூர்
12 மார்ச் 2025

அம்மா,

உன் கடிதத்தைக் கம்பெனி பார்க்கிங்கில் பைக்கின் மேல் உட்கார்ந்து படித்தேன். உனக்குத் தெரியாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரியாது என்று நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று மதியம் கேண்டீனுக்குப் போனேன். சுகுணா அக்கா என்னைப் பார்த்துவிட்டு, கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு நின்றார். "என்னா சார், இந்தப் பக்கம்?" என்றார். தட்டை நீட்டினேன். தட்டில் போட்டார். உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை அம்மா. நீ நினைத்த மாதிரி சூடாகத்தான் இருந்தது. நீ இல்லாத கேண்டீனில் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம், அதுதான் நீ எனக்குச் செய்து வைத்துவிட்டுப் போன ஏற்பாடு என்று நினைக்க நினைக்கச் சோறு உள்ளே இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கெலவரப்பள்ளிக்குப் போனேன். மாமனார் தக்காளித் தோட்டத்தில் இருந்தார். வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியதையும் சொன்னேன். அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால் பரவாயில்லை. "எங்க ஊட்டுக்குச் சொன்ன பொய்யி எங்களோட போச்சி. அந்தம்மாவுக்கு என்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

ரேவதி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அம்மா வரமாட்டேங்கறாங்க" என்றேன். "எதுக்கு வரணும்? நீங்க போங்க. கூட்டிக்கிட்டு வர்றதுக்குப் போகாதீங்க. சும்மா போயி பாருங்க. இத்தன மாசமா ஒரு தடவ போயிருக்கீங்களா?" என்றாள்.

லீவு போட்டிருக்கிறேன். பங்குனி உத்திரம் முடிந்து வருகிறேன். நீ வேண்டாம் என்று எழுதினாலும் கிளம்பி வந்துவிடுவேன்.

நவீன்


தீவு
22 ஏப்ரல் 2025

நவீனு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? படகு கிளம்பிய பிறகு காற்று கொஞ்சம் வேகமாக அடித்தது. உனக்கு வயிற்றைப் புரட்டியிருக்கும், எலுமிச்சம்பழம் கொடுத்துவிட மறந்துவிட்டேன்.

நீ வந்துபோனதைப் பற்றித்தான் இங்கே பேச்சு. வெற்றிலைக்காரப் பெண்கள் உன்னைப்போலவே நடந்து காட்டுகிறார்கள், தலையைக் குனிந்துகொண்டு, எனக்குப் பின்னாலேயே. நான் சிரித்தேன். ஊரைச் சுற்றி வந்தபோது நான் எத்தனையோ முறை பக்கத்தில் வரச் சொன்னேன், நீ வரவில்லை. வெயில் கண்ணைக் கூசும், அதனாலாக இருக்கும்.

நரசம்மா உன்னை விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். அன்றைக்கு மீன்காரச் சந்தில் உன்னை நிறுத்திக் கேட்டாளே, "இவ்ளோ உசரமான புள்ளையா உனக்கு?" என்று. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உன்னை மிகவும் பிடித்துப்போயிற்று.

மெஸ்ஸில் எல்லோரோடும் உட்கார்ந்து நீ சாப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம். இரண்டாம் முறை குழம்பு கேட்டாய். ரேவதி வந்துவிட்டாளா? மழைக்காலம் தொடங்கினால் இங்கே மெஸ்ஸில் கூட்டம் குறையும், அப்போது ஒரு நடை வந்து அவளைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அம்மா


ஓசூர்
4 மே 2025

அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரேவதியும் வந்துவிட்டாள். தீவைப் பற்றி மட்டும் கேட்கிறாள். நீ அழைத்துப்போன வழியை அப்படியே சொன்னேன். படகுத்துறை, கடைத்தெரு, தோப்புக்குள் போகும் பாதை, பள்ளிக்கூடம். இந்த முறை ஒன்றையும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் யார் உன்னை நிறுத்திப் பேசினார்கள் என்று கேட்டாள். சொல்லச் சொல்ல நேரமாகிக்கொண்டே போனது. நம் தெருவில் உன்னை யார் நிறுத்திப் பேசுவார்கள் என்று அடுத்துக் கேட்டாள்.

மீன்காரச் சந்தில் நடந்ததையும் அவளிடம் சொன்னேன். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

நான் பின்னாலேயே வந்தது வெயில் கண்ணைக் கூசியதால் அல்ல. அந்த ஊரில் எல்லோரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் உனக்குச் சிரித்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்தார்கள். உன் பக்கத்தில் நடக்க எனக்கு முகம் இல்லை.

நரசம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஈடேனா நீ கொடுக்கு?" என்று ஆரம்பித்துத் தெலுங்கில் படபடவென்று பேசினார். நீ சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "உசரமான புள்ளன்னு சொல்றா" என்றாய். நான் தலையாட்டினேன். நீ என் கையைப் பிடித்து, கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய்.

அம்மா, நான் ஓசூரில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் பாதிப்பேர் தெலுங்குதான். அது உனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மாற்றிச் சொன்னாய், தெரிந்தேதான் நான் தலையாட்டினேன். அந்தக் கடலோரத்தில் இரண்டு பேரும் வெகு நேரம் நின்றோம், அப்போதும் நான் அதைச் சொல்லவில்லை. எத்தனை காலமாக இப்படியே எனக்காக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று திரும்பி வரும் கப்பல் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

நரசம்மா உன்னிடம் கேட்டது இதுதான்: "இவன்தானா உன் பையன்? பெத்தவளப் பாக்க வெக்கப்பட்டவன் இவன்தானா?"

அடுத்த முறை நரசம்மாவைப் பார்க்கும்போது, ஆமாம், இவன்தான் என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்.

நவீன்